ஊட்டாமல் போன முதல் சோறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷம் தள்ளிப்போட்டேன். மூன்று தடவை நோட்டைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டு, சுழியோடு மூடி வைத்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை வந்துவிடுமே என்று பயந்ததாகச் சொன்னால் அது பொய். எழுதினால் என் மகளுக்குத் தெரிந்துவிடும், அதுதான் பயம். தினமும் விளக்கேற்றி முருகன் முன்னால் நிற்கிறேன். என்னென்னவோ கேட்கிறேன். இந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுக்குத்தான் தெரியுமே என்று வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில், வண்டிகள் பழுது பார்க்கும் இடத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றார். திருநெல்வேலிப் பக்கம்தான் எங்கள் இருவருக்கும் ஊர். ஆனால் வாழ்ந்ததெல்லாம் பெங்காலில், பெஹாலாவில். ஓய்வு பெற்ற கையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே இருந்த பெஞ்சுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு பலகை அடித்து, மேலே மெத்தை விரித்தார். ஒரு பம்ப் ஸ்டவ், தண்ணீர் டிரம், ஜன்னலுக்கு என் பழைய சேலையைக் கிழித்துத் தைத்த திரை. ஸ்டியரிங்குக்கு மேலே முருகன் படத்தை நானே ஒட்டினேன்.

பக்கத்து வீட்டு பௌதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தாதா, இந்த வயசுல ஹனிமூனா?" என்று கேட்டாள். முப்பது வருஷம் எங்கள் பக்கத்தில் இருந்து தமிழ் கற்றுக்கொண்டவள். பெங்காலியில் பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா.

"அப்போ கூட்டிட்டுப் போகல பௌதி. பாக்கி இருக்கு" என்றார் இவர்.

அவருக்குப் பாவுல் பாட்டு என்றால் உயிர். ஹவுராவிலிருந்து போகும் ரயில்களில் காவி உடுத்தி, ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பாடுவார்களே, அவர்கள்தான். அந்தப் பாட்டுக்காக இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தவர் இவர். தை பிறக்கும் சமயத்தில் பீர்பூம் பக்கம் அஜய் ஆற்றங்கரையில் மேளா என்று அந்தப் பாட்டுக்காரர்கள் கூடுவார்கள். ஓய்வு பெற்றதும் வேனில் அங்கே போய் மூன்று நாள் தங்க வேண்டும் என்பது அவர் வெகுநாள் ஆசை.

ஆனால் அந்த வருஷம் கிளம்பியதற்குக் காரணம் பாட்டு மட்டும் இல்லை.

எங்களுக்கு முதலில் ஒரு மகன் பிறந்தான். பதினோரு மாதத்தில் போய்விட்டான். போவதற்குச் சில நாள் முன்னால் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்து, குளிக்காமல் அவனைத் தூக்கிவிட்டேன் என்று மாமியார் சொன்னார்கள். டாக்டர் வேறு சொன்னார். எனக்கு மாமியார் சொன்னதுதான் மனதில் நின்றது. பிறகு ஒரு மகள், அவளோடு சரி. அவள் தன்னோடு படித்த பெங்காலிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அதே பீர்பூம் பக்கம் போல்பூருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஆறு வருஷம் இவர் அவளோடு பேசவில்லை. நான் மட்டும் பேசுவேன், இவர் இல்லாத நேரத்தில்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் ஆனதும் எனக்குக் கடிதம் போட்டாள். அவர்கள் வழக்கப்படி குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கு. பௌஷ மாதத்தில், அதாவது நம் மார்கழியில், அதைச் செய்ய மாட்டார்களாம், அது முடிந்ததும் வைத்திருக்கிறார்கள். தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். மாமன் இல்லையென்றால் அம்மாவின் அப்பா. "அப்பா வர மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் வேற யாரையும் கேக்கல" என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதத்தைச் சாமி அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். இவர் எப்போது பார்த்தார் என்று தெரியாது. ஒருநாள் காலை காப்பியைக் குடித்துக்கொண்டே, "தையில பாட்டுக் கேக்கப் போவோம். போற வழியில தங்கச்சி வீடு. அப்படியே அந்தப் பக்கம் யாரையும் பாக்கணும்னா பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பக்கம் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்.

துர்காபூரில் இவர் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். தங்கையின் புருஷனுக்கு ஸ்டீல் கம்பெனியில் வேலை. சாப்பிட உட்கார்ந்தபோது, இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பா விழுந்தது. திறந்து பார்த்தால் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண்.

தங்கை விடவில்லை. "ஏண்ணே, பாட்டுக்காரங்களுக்கு அரைஞாண் கட்டி விடப் போறியளோ?"

"சும்மா கெட" என்றார்.

"ஆறு வருஷமா மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்திய. இப்ப பேரன் வந்ததும் எறங்கிட்டியளா? மதினி, உங்க வீட்டுக்காரர் ரோஷத்த இந்த டப்பாக்குள்ள அடைச்சிரலாம் போல."

இவர் சிரித்துவிட்டார். ஆறு வருஷத்தில் மகள் பேச்சு வரும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானமே தங்கை வீட்டுப் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டு, "அப்பா வாராங்கட்டி. அவங்கதான் ஊட்டுவாங்க" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு, "அப்பாவுக்குக் காரம் கம்மியா சமைக்கச் சொல்லவா?" என்று கேட்டாள்.

பொங்கல் அன்று ஆற்றங்கரையில் வேனை நிறுத்தி, பம்ப் ஸ்டவில் வெண்கலப் பானையை ஏற்றிப் பொங்கல் வைத்தேன். பொங்கி வழிந்தபோது இவர் வேன் ஹாரனை அடித்தார். பக்கத்து மரத்தடியில் பாடிக்கொண்டிருந்த ஒரு கிழவர் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் நெய் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கப்புறம் இவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்கப் போகும் சந்தோஷம் அவருக்குப் பாட்டாக வெளியே வந்தது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இரண்டாம் நாள் காலை. மறுநாள் சடங்கு. துளசிக்குத் தண்ணீர் ஊற்றினாளா என்று கேட்க, மேளாவில் இருந்த டெலிபோன் பூத்திலிருந்து பௌதியைக் கூப்பிட்டேன். நான் மட்டும்தான் போயிருந்தேன்.

"தீதி, ஊர்லேர்ந்து போன் வந்துது" என்றாள். "தாதாவோட பெரியப்பா பையன் போயிட்டாராம். பொங்கலுக்கு முந்தின நாள். உங்கள எங்க தேடறதுன்னு தெரியல."

பெரியப்பா மகன் என்றால் பங்காளி. எங்களில் பங்காளிக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் நடக்கும் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது.

ஆனால் எங்களில் இன்னொன்றும் உண்டு. காதில் விழும்வரை தீட்டு இல்லை. முந்தின நாள் நாங்கள் வைத்த பொங்கலில் குற்றம் இல்லை, ஏனென்றால் தெரியாது. செய்தி என் காதில்தான் விழுந்தது. அவர் காதில் விழவில்லை. நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு, ஒரு சாக்குச் சொல்லி வேனிலேயே இருந்திருந்தால், அவர் சுத்தமான கையோடு போய்ப் பேரனுக்கு ஊட்டிவிட்டு வந்திருப்பார். பாவம் வந்தாலும் எனக்குத்தான் வந்திருக்கும்.

பூத்திலிருந்து வேனுக்கு நடந்த தூரம் முழுக்க இதைத்தான் யோசித்தேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. பதினோரு மாதத்தில் போனவன் முகம் வந்தது. இந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட நான் எப்படித் தாங்குவேன் என்று வந்தது. முருகா, நீ வழி காட்டு என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் முடிவு செய்தேன்.

இவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு என்று புதுச் சட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார். சொன்னேன்.

ரேசரைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு, "எட்டி, நீ சொல்லாம இருந்திருக்கலாம்லா?" என்றார்.

"குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ம்" என்றார். ரேசரை உதறி வைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். அவருக்கும் அந்தப் பதினோரு மாதப் பிள்ளையின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். "போன் பண்ணிச் சொல்லிரு. தீட்டுன்னு சொல்லு. பதினாறு கழிச்சு வாரேன்னு சொல்லு."

இரண்டு பேரும் ஆற்றில் இறங்கித் தலை முழுகினோம். முழங்கால் அளவுத் தண்ணீர். உட்கார்ந்துதான் முங்க வேண்டும், அப்படியொரு குளிர். கரையில் பாட்டு நடந்துகொண்டே இருந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் மறுபடி பூத்துக்குப் போனேன். மகள்தான் எடுத்தாள். பின்னால் ஒரே பெண்கள் சத்தம், யாரோ குலவை இட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காரியம் நடக்கும் வீட்டுக்குச் சாவுச் செய்தியை எப்படிச் சொல்வது? அதுவும் ஆகாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "வர முடியலம்மா. அப்பாவுக்குத் தோதுப்படல" என்று மட்டும் சொன்னேன்.

"தோதுப்படலன்னா?"

நான் பேசவில்லை.

"மனசு மாறிட்டாங்களா?"

அப்போதும் பேசவில்லை.

"ஆச்சா, டீக் ஆச்சே", சரி, இருக்கட்டும் என்று பெங்காலியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னோடு அவள் பெங்காலியில் பேசியது அதுதான் முதல் தடவை.

வேனுக்கு வந்ததும், "சொல்லிட்டியா? என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"சரின்னா" என்றேன்.

பெஹாலாவுக்குத் திரும்பினோம். பதினாறு கழிந்து வீட்டைக் கழுவி விட்டோம். அந்த வாரமே மகளிடமிருந்து கடிதம் வந்தது. கணவனின் அண்ணன் குழந்தைக்கு ஊட்டினாராம். "வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் இனிமேல் வர வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். இவர் அதைப் படித்தார். "தீட்டுன்னு தெரிஞ்சும் இவ்வளவு கோபமா? எம் மகதான, ரோஷம் இருக்கத்தான் செய்யும். சித்திரையில போவோம்" என்றார். அவளுக்குத் தீட்டு என்று தெரியாது என்பதை அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

பங்குனியில் ஒருநாள் காலை, வேனுக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தவர் வெளியே வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று படியில் உட்கார்ந்தார். பௌதி ஓடிவந்து பிடித்தாள். அவ்வளவுதான்.

மகள் வந்தாள். அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு, "எம் பிள்ளைய ஒரு தடவையாவது பாத்திருக்கலாம்பா" என்றாள். கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். துர்காபூரிலிருந்து வந்த தங்கை, "எங்க அண்ணன் பிடிவாதம் அப்படி" என்று அழுதாள். கோயிலில் நம்மவர்களும் அதையே பேசிக்கொண்டார்கள். பெங்காலிச் சம்பந்தம் பிடிக்காமல் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போயும் திரும்பி வந்தவர் என்று அவருக்குப் பெயர் ஆயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அரைஞாணைக் கொடுத்தால் எப்போது வாங்கியது என்று மகள் கேட்பாள். காரியம் முடிந்த பிறகு கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். முருகனிடம் காணிக்கை என்று சொன்னேன். காணிக்கை இல்லை, ஒளித்து வைத்தேன்.

போன மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். தாத்தா படத்தின் முன்னால் நின்று, "தாதுவுக்கு என்னப் பிடிக்காதாமே திதிமா?" என்று பெங்காலியில் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்பதுபோல் கேட்டான். "யாருடா சொன்னா?" என்றேன். "எல்லாருக்கும் தெரியுமே" என்றான். அதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்தேன்.

அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் மகளும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பாதியில் யாரிடமாவது கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்வாள். நம் கோயில் மலரைப் படிக்கும் உங்களில் யாராவதுதான் அதைச் செய்வீர்கள். எங்களைத் தெரிந்தவர்கள்தானே நீங்கள். பெங்காலியில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அவர் வரத்தான் கிளம்பினார். நான் தடுத்தேன். தடுத்ததை இரண்டு பேரிடமும் மறைத்தேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம்.