சரோஜா மதினியின் பால்குடம்

ஆமாம், அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது நான்தான். இதைக் கடைசியில் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கருமாதிக்கு வந்து இந்தத் தாளைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேர் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள். முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

சேதி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, கையிலிருந்த தீக்குச்சியைக் கூட நான் அணைக்கவில்லை, போன் அடித்தது. கொழும்பிலிருந்து மதினியின் மகள் தர்சினி. "அத்தை, அம்மா போயிட்டாங்க அத்தை. நெஞ்சு வலிக்குது, தண்ணி குடுன்னு கேட்டாங்க. கொண்டாந்து குடுக்கிறதுக்குள்ள..." எனக்கு வாயே வரவில்லை. லெச்சுமிக்கு வாய் வராத நாளும் உண்டா என்று கேட்பீர்கள். அன்று வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவளே வந்து, "அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதிக் குடுக்கணும் அத்தை. நீங்க பேசினா அம்மா சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க" என்றாள். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி என்று கூப்பிட்டேனே தவிர ரத்த உறவு கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் கூப்பிடும் முறைதான். அவர் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் ஒரே சுவர். அவர் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டுச் சாமிப் படத்துக்கு நான் திரை போட வேண்டும். முப்பது வருஷம் அப்படி இருந்தோம்.

அந்தக் காலத்து மதினியை நினைவிருக்கிறதா? எவ்வளவு பெரிய உடம்பு! மலையில் கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமல், பனி நனைக்காமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கு சுற்றிக் கயிற்றால் கட்டுவோம் அல்லவா? அவருடைய படங்கைக் காட்டி, "இதுல ரெண்டு பேரு சுருண்டு படுக்கலாம் மதினி" என்பேன். "வந்து படு. ஆனா பேசாம படு" என்பார். நிரை முழுக்கச் சிரிப்பு போகும்.

பிறகு சீனி வியாதி வந்தது. கிளினிக் டாக்டர், காலை வெட்டாமல் காப்பாற்ற வேண்டுமானால் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் அந்த மனுஷி பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் வேலை முடிந்து இறங்குவோம், அவர் கோயில் படிக்கட்டில் இன்னும் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு வருவார். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "சோறு என்னையவே பாக்குது லெச்சுமி. நான்தான் மூஞ்சியத் திருப்பிக்கிறேன்" என்பார். பாதி உடம்பு கரைந்துபோனது. சீனியும் இறங்கியது. எல்லாம் அம்மன் அருள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவர் ஏறிய படிகளைப் பற்றிச் சொல்லவில்லை.

உடம்பு கரைந்தது, தோல் கரையவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், எங்களோடு மலை ஊற்று விழும் பீலியில் குளிக்க வருவதை அவர் நிறுத்தியதுதான். ஆளில்லாத மத்தியானம் பார்த்துத் தனியாகக் குளிப்பார். படங்கையும் கட்ட மாட்டார், தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். "ஏம்மா, படங்கு கட்டுறதுக்கு வெக்கமா?" என்று கங்காணி சத்தம் போட்டபோது அவர் குனிந்து கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "மெலிஞ்சதும் எடுப்பு வந்துருச்சு." அவர் காதில் விழும்படிதான் சொன்னேன்.

இனி அந்தத் திருவிழா.

சீனி இறங்கினால் பால்குடம் எடுப்பதாக மதினி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். கையில் காப்புக் கட்டி, பத்து நாள் ஒருவேளை சாப்பாடு. பீலிக்கரையில் குடங்களுக்கு வேப்பிலை கட்டி வரிசையாக வைத்திருந்தோம். எல்லாரும் மஞ்சள் சேலையில் தலையோடு குளித்து ஈரமாக நின்றோம். பெண்களுக்கு முன்னால் நின்று நடத்தியது, வழக்கம்போல, நான். மதினி குடத்தைத் தூக்கக் கையை உயர்த்தியபோது பார்த்தேன். மாருக்குக் கீழே சட்டையில் ஒரு கறை. கிட்டப் போனால் ஒரு வாடை.

"என்னா மதினி இது, சீழா?"

"புண்ணுதான். ஒண்ணுமில்ல. சேலைய இழுத்து விட்டுக்கிறேன்."

"புண்ணோட அம்மனுக்குப் பால் எடுக்கக் கூடாது. தெரியாதா உங்களுக்கு?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். என் தொண்டை உங்களுக்குத் தெரியும். மேளக்காரர் வரை திரும்பிப் பார்த்தார்கள். "நேத்தி வீணாப் போகக் கூடாது, ஒங்க குடத்தை நான் எடுக்கிறேன்" என்றேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மதினி என் தலையில் துணியைச் சும்மாடாக வைத்து, தன் கையாலேயே குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, கோயில் வரை கடைசி ஆளாக நடந்து வந்தார்.

அதற்குச் சில மாதம் கழித்து, கிளினிக்கில் கொடுத்த கடிதத்தை அவர் கையில் பார்த்தேன். கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளையிடம் என்ன கடிதம் என்று கேட்டேன். "பிளாஸ்டிக் சர்ஜரிக்கு" என்றாள். அந்தப் பேரை நான் டிவியில்தான் கேட்டிருக்கிறேன். நடிகைகள் மூக்குக்குச் செய்வது. அன்று சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நான் சும்மா இருக்கவில்லை. "சரோஜா மதினி நடிகை மாதிரி வயித்த வெட்டி அழகு பண்ணிக்கப் போறாங்களாம்" என்றேன். ஒருத்தி, "யாரு பாக்கிறதுக்காம்?" என்றாள். புருஷனை இழந்த மனுஷியைப் பற்றி அப்படி ஒரு கேள்வி. நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் அந்தப் பேச்சு தோட்டத்தின் கீழ் டிவிசன் வரை போய்விட்டது.

மதினி தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது தர்சினி கூட இருந்தாள். ஒரு வாரத்தில் அவள் லீவு முடிந்து வேலைக்குப் போய்விட்டாள். மதினியால் கையை மேலே தூக்க முடியவில்லை, கொடியில் துணி போட முடியவில்லை. "அழகு கலைஞ்சுரும்ல" என்று அதையும் நான் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பதுகூட மறக்கவில்லை. அவள் பேரை எழுதவில்லை. பாவம் என்னுடையது.

ஒரு காலை சுவரில் தட்டும் சத்தம். "லெச்சுமி, கொஞ்சம் வர்றியா? ஆஸ்பத்திரியில குடுத்த இந்த பெல்ட்ட எனக்குக் கட்டத் தெரியல."

போனேன். மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மதினி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாருக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு நீளத் தையல். அதற்குக் கீழே, படங்குக் கயிறு விழும் இடத்தில், தோல் தீயில் கருகினதுபோல் கறுத்துக் கிடந்தது.

"தோலு இங்கேருந்து மடிஞ்சு தொப்புள் வரைக்கும் தொங்குச்சு. உள்ளுக்குள்ள வேர்த்து, வெந்து, புண்ணாப் போச்சு. மருந்து போட்டா ஆறும், கயிறு கட்டினா வெடிக்கும். இழுத்து வெட்டித் தச்சாத்தான் நிக்கும்னு டாக்டர் சொன்னாரு."

கட்டிலுக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். அவர் புருஷனின் பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து, ஓரத்துக்கு நீல நூலால் தையல் போட்டு, நாலாக மடித்த துணிகள். "இதுக்குப் பவுடர் போட்டு மடிப்புக்குள்ள வச்சுக்குவேன். வெளிய போனா மாத்திக்க ஒண்ணு கையில எடுத்துக்குவேன். ரெண்டு வருசம் இதுதான் என் பொழப்பு."

பேச்சைக் கிளப்பியது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "அம்மன் காப்பாத்துவா மதினி" என்பதுதான். திருநீறு எடுத்துப் பூசிவிட்டேன். பெல்ட்டைக் கட்டினேன். கட்டிக்கொண்டே கேட்டேன், "ஊருல என்னென்னமோ பேசுறாங்களே, யாருன்னு விசாரிச்சீங்களா?"

"நான் கேக்கல லெச்சுமி. கேட்டா பதில் வந்துரும். அப்புறம் பக்கத்துக் காம்பராவுல எப்பிடி இருக்கிறது?"

சொல்லிவிட்டு என் கையைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரே சுவர். தினம் பேசினேன். இதை மட்டும் பேசவில்லை. மதினி மறுபடி படங்கு கட்டினார், பீலியில் எங்களோடு குளித்தார், பென்சன் எடுத்தார், மகளிடம் போனார். போகும்போதும் நான் வாசல் வரை போய், "போன் பண்ணுங்க மதினி" என்றேன். அவ்வளவுதான். கடைசியில் பெட்டியில் வந்தவரைக் குளிப்பாட்டும்போது அந்தத் தழும்பின் மேல் தண்ணீர் ஊற்றியது என் கை. அப்போது சொன்னேன். கேட்கிற காது அங்கே இல்லை.

தர்சினி, நீ இதை அச்சுக்குக் கொடுக்காமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. கொடுத்தால் ஒரு வரியையும் எடுக்காதே. கட்டிலுக்குக் கீழே இருந்த அந்த பிஸ்கட் டின்னை நீ எனக்குத் தந்தாய். அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மதினியிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த டின்னும், "கேட்டா பதில் வந்துரும்" என்ற அந்தச் சொல்லும்தான். இப்போதெல்லாம் யாரைப் பற்றியாவது வாய் திறக்கும்போது என் கண் அந்த டின் பக்கம் போகிறது.

எழுதி முடித்துத் தாளை நாலாக மடித்தேன். மடிக்கும்போதுதான் நினைவு வருகிறது. அன்று பீலிக்கரையில் என் தலையில் வைக்கச் சும்மாடு இல்லை. மதினி தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் தலையில் வைத்தார். கோயில் வரை பவுடர் வாசம் வந்துகொண்டே இருந்தது. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நூல்.