கயிற்றுத் தழும்பு

அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, ஆயுசு முழுக்க மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மாட்டி, உச்சியில் முடி உதிர்ந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாப் பெண்களுக்கும் அது உண்டு. கழுத்து வலிக்காக அம்மாயி கயிற்றைச் சாய்த்தே மாட்டுவாள். அதனால் அவளுடைய பள்ளம் மட்டும் இடப்பக்கம் சரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். விரல் அந்தப் பள்ளத்தில் இறங்கியதும், "அங்கதான்டி, நல்லா அமுக்கு" என்பாள்.

அவள் போன அன்று நான் பதுளையில், கடையில் வேலையில் இருந்தேன். மழைக்கு மண் சரிந்து பஸ் பாதியில் நின்றுவிட்டது. நடந்து போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். குளிப்பாட்டுவதற்கு முன் உறவுக்காரர்கள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்தார்களாம். என் கை மட்டும் படவில்லை.

"அழாதடி. மேல போனா நோவு நொடி எல்லாம் போயிரும். பச்சப்புள்ள மாதிரி ஆயிருவாங்க" என்றாள் சித்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது அவள் முகமே மங்கி வருகிறது. விரல் மட்டும்தான் மறக்கவில்லை. நான் செத்த பிறகாவது அவளைப் பார்ப்பேன் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். அங்கே அத்தனை கிழவிகளுக்கு நடுவே, ஒவ்வொரு தலையாகத் தடவித்தான் அவளைத் தேட வேண்டும்.

சாமி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவள் வலியை எடுத்துவிடு. அந்தப் பள்ளத்தை மட்டும் ஆற்றிவிடாதே.