மத்தியான வெக்கை

ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண் மைதிலி. சேலத்தில் ஒரு சேலைக் கடையில் ஒன்பது வருடம் நின்றவள். வாங்க வந்தவர்கள் வாயால் எதைப் புகழ்ந்தாலும், கை எந்தச் சேலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறதென்று பார்ப்பாள். அதை எடுத்து விரித்தால் அதுதான் விற்கும். இதைக் கேள்விப்பட்டுத்தான் சிவபிரகாஷ் தன் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கொண்டான். கோழிக் கொட்டாயில் வெக்கை ஏறினால் பண்ணைக்காரரின் செல்போனில் மணியடிக்கும் செயலி ஒன்றை அவன் செய்திருந்தான். விற்பதற்கு முன்னால் பண்ணை பண்ணையாகப் போய்க் காட்டி, ஆட்களுக்குப் புரிகிறதா என்று பார்த்து வருவது அவள் வேலை.

கேள்வித்தாளை அவனே அடித்துக் கொடுத்தான். எழுத்து தெரிகிறதா, மணிச் சத்தம் போதுமா என்று பன்னிரண்டு கேள்விகள். இருபத்தாறு பண்ணையிலும் "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். வீடு தேடி வந்து காப்பி குடித்தவளிடம் நொட்டை சொல்ல அந்தப் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. அது மைதிலிக்கும் தெரியும்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணையொன்றில் சௌந்திரம் மட்டும் செயலியைப் பார்க்காமல் கொட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனு எங்க ஊட்டுக்காரருகிட்டத்தானுங்க இருக்கும். மத்தியானத்துல கோழிகிட்ட நாந்தானுங்க கெடப்பேன். எனக்கேதுங்க போனு?"

அதற்குத் தாளில் இடமில்லை. மைதிலி ஓரத்தில் எழுதிக்கொண்டாள். ஆபீசில், "மணி வேற ஆளுக்கு அடிக்கணுங்க சார். போன்லயே அடிக்கணுமான்னுகூட யோசிக்கணும்" என்றாள்.

"என்ன செய்யறதுன்னு போன வருசமே முடிவாயிருச்சு மைதிலி. செஞ்சது புரியுதான்னு மட்டும் நீங்க பாருங்க" என்ற சிவபிரகாஷ், "விட்டா கோழிக்கே போன் வாங்கிக் குடுக்கச் சொல்லுவீங்களாட்ட இருக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மைதிலியும் சிரித்தாள்.

செயலி விற்பனைக்கு வந்தது. சௌந்திரத்தின் கணவர் சின்னண்ணன் அதைப் போட்டுக்கொண்டார். சித்திரையில் ஒருநாள் அவர் ராசிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார். "இனி அதுதான் பாத்துக்குமே, எதுக்கு வெக்கையில கெடக்கறே?" என்று சொல்லிவிட்டுப் போனார். சௌந்திரமும் கடலைக்காட்டுக்குக் களையெடுக்கப் போனாள். கொட்டாயில் தண்ணீர் தூவுகிற மோட்டார் நின்றது. செயலி தவறாமல் மணியடித்தது, மேளச் சத்தத்துக்கு நடுவே, சின்னண்ணனின் சட்டைப் பையில். பந்தியிலிருந்து எழுந்தபோதுதான் பார்த்தார். கூப்பிட்டுச் சொல்ல வீட்டில் இன்னொரு போன் இல்லை. அவர் வண்டியில் வந்து சேர்வதற்குள் மூவாயிரம் கோழி செத்திருந்தது.

மூன்றாம் நாள் மைதிலி கேள்வித்தாள் இல்லாமல் போனாள். செத்த கோழிகளைப் புதைத்த குழியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. சௌந்திரம் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க மேல குத்தம் ஒண்ணுமில்ல சாமி. மணியெல்லாம் நல்லாத்தான் அடிச்சுதாமுங்க."

மைதிலி காப்பியைக் கீழே வைத்தாள். தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டாள்.

"இந்த மணி வர்றதுக்கு முன்னால, வெக்கை ஏறுதுன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

"கோழி வாயைத் தொறந்துக்கிட்டு றெக்கையை விரிக்குமுங்க. பாத்ததும் போயி தண்ணி தெளிப்பேன்." சௌந்திரம் காலியான கொட்டாய்ப் பக்கம் திரும்பினாள். "பக்கத்துலயே இருந்தா தெரியுமுங்க சாமி."