போனவர்களின் பட்டியல்

பத்தொன்பது வயது மகனைக் காணவில்லை என்று எழுதிக்கொடுக்கப் பொலிஸ் நிலையத்தில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஐஸ் ஹொக்கியின் புதிய பருவச் சிறப்பிதழ் கிடந்தது. புரட்டியதும் எழுந்த அச்சு மை மணத்தில், நாங்கள் முதலில் இருந்த அகதி விடுதியின் அறை நினைவுக்கு வந்தது.

ஈரக் கோட்டுகள் ஹீற்றரில் காயும் அந்த அறைக்கு, அப்பா ஒவ்வொரு செப்டெம்பரும் இந்த இதழை வாங்கி வருவார். எந்த அணி வெல்லும் என்ற கணிப்புகளைத் தள்ளிவிட்டு, அணிகளை விட்டுப் போனவர்களின் பட்டியலைத்தான் என்னை வாசிக்கச் சொல்வார்.

“இவன் எங்கை போட்டான்?”

“பின்லாந்துக்கு.”

“மற்றவன்?”

“எங்கையெண்டு தெரியாதாம், அப்பா.”

ஊரில் அண்ணனை ஆமி பிடித்துக்கொண்டு போய் அப்போது இரண்டு வருடம்; எங்கே என்று ஒரு தகவலும் இல்லை. அப்பா இதழை மூடிவிட்டுக் கட்டிலில் போய் இருந்தார். அடுத்த வருடத்திலிருந்து, போன இடம் தெரியாத எல்லாரையும் வாசிக்கும்போது நான் சுவீடனுக்கு அனுப்பினேன்.

“சுவீடன்காரர் இவ்வளவு பேரையும் வைச்சு என்னடா செய்யினம்?” என்று ஒருநாள் சிரித்தார். அன்றும் ஒரு பெயரைக்கூட விடாமல் கேட்டார்.

என் முறை வந்தது. “கடைசியாக எங்கே போவதாகச் சொன்னான்?” என்றார் பொலிஸ் பெண்.

மகன் வீட்டைவிட்டுப் போன அன்று எங்களுக்குள் சண்டை. அவன் சப்பாத்துப் போடும்போது நான் திரும்பியும் பார்க்கவில்லை.

“நான் கேட்கவில்லை” என்றேன்.