தண்ணீர் தெளியும் வரை

நம்பினால் நம்புங்கள். நடந்தது பட்டப்பகலில், என் மேசையில், என்னுடைய இந்த இரண்டு கைகளால்.

பழைய மைப்பேனாக்களைக் கழுவிச் சரிசெய்வது என் தொழில். அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வந்தாள். அத்தானுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவள் கையில் அவருடைய பேனா. "உங்க அக்காவுக்கு முன்னாடியே இதைக் கட்டிக்கிட்டேன்" என்று என்னைச் சீண்டுவாரே, அதே பேனா.

"கண்ணு முழிச்சதும் இதைத்தான் கேப்பாரு. அடைச்சிருக்கு, கழுவி வைடா."

"சரிக்கா."

"முழுசா காலி பண்ணிடாதே. அவர் அதை வத்த விட்டதே இல்ல."

தலையாட்டி அனுப்பிவிட்டேன். என்னைப் பொறுத்தவரை கழுவுவது என்றால் முழுசாகத்தான். வெள்ளைத் தாளில் சொட்டு விட்டால் நிறம் தெரியக் கூடாது.

ரப்பர் குமிழில் தண்ணீர் நிரப்பி, பேனாவின் பின்பக்கம் பொருத்தி அழுத்தினேன். நீலம் வந்தது. கிண்ணத்தை மாற்றினேன். மறுபடி நீலம். அந்தப் பேனாவில் ஒரு ஸ்பூன் மை கூடப் பிடிக்காது. நான்காவது கிண்ணமும் நீலம்...

எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

குழாய்த் தண்ணீர் சில்லென்று இருந்தது. நிப் வழியாக வந்ததோ வெதுவெதுப்பாக இருந்தது.

போன் அடித்தது. கை ஈரம். விட்டுவிட்டேன்.

தொக்... தொக்...

நான் அழுத்தவில்லை. குமிழ் என் விரல்களுக்கு நடுவே தானாக அசைந்தது.

மறுபடி போன்.

ஆனாலும் பாதியில் விட மனம் வரவில்லை. அழுத்தினேன்.

தொக்...

தொக்...

நின்றுவிட்டது.

தாளில் ஒரு சொட்டு விட்டேன். நிறமே இல்லை. பேனா ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

கிண்ணங்களை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு அக்காவை அழைத்தேன். அழுகைதான் கேட்டது. அத்தான் அப்போதுதான் போயிருந்தார்.

உடம்பு வெள்ளைத் தாளாக வெளுத்துக் கிடந்தது. எங்கேயும் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை என்றார் டாக்டர். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் அக்காவிடம் கேட்டேன், அன்று எதற்கு போன் செய்தாய் என்று.

"கண்ணு முழிச்சாருடா. அதைச் சொல்லத்தான் முதல்ல அடிச்சேன்."

"ரெண்டாவது?"

"'உன் தம்பிய நிறுத்தச் சொல்லு, குளிருது'ன்னாரு. அதான் அடிச்சேன்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"எதைடா நிறுத்தச் சொன்னாரு?"