இரண்டு கண்ணாடிகளும் ஒரு பட்டு நூலும்

காஞ்சிபுரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் பட்டுக்கடை முதலாளி ஒருவரின் பழைய ரேஸ் கார் வந்தது. இரண்டே பேர் உட்காரும் வெளிநாட்டு வண்டி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு! உடைந்த பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாகச் சென்னையில் வாங்கிய புதியவற்றைப் பொருத்த வேண்டும். பழைய துளைகள் சேரவில்லை. வண்டிக்கு எதிரே நின்று, இருபுறமும் ஒரே அளவு பார்த்துத் துளையிட்டுத் திருகாணிகளை முடுக்கிவிட்டேன்.

காலையில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். வலது கண்ணாடியில் தெரு காலியாகத் தெரிந்தது. இடது கண்ணாடியை முன்கண்ணாடிச் சட்டம் மறைத்ததை நான் பொருட்படுத்தவில்லை.

“யோவ், நிறுத்துய்யா! பாவு இருக்குது!”

தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூல் பாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. கத்தியவர் பக்கத்து வீட்டு நெசவாளி சரோஜா அம்மா. திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“எதிர்ல நின்னுக்கினு அளந்தியே, ஓட்டறவரு எதிர்லயா நிப்பாரு? உள்ள குந்துப்பா.”

ஒரு நூலின் முனையை என் கண்ணருகே பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இடது கண்ணாடிக்கு இழுத்தார். நூல் சட்டத்தில் பட்டு மடங்கியது. படாமல் நேராக நிற்கும்வரை அந்த முனையை விரல் விரலாக முன்னே நகர்த்தினார்.

“இங்க போடு.”

காரில் ஏறியே அறியாதவர்!

இடது பக்கம் நான் போட்ட துளையை ஈயம் வைத்து அடைத்து, அவர் காட்டிய இடத்தில் கண்ணாடியைப் பொருத்தினேன். இப்போதெல்லாம் நூல் பிடிக்காமல் துளையிடுவதில்லை. முதலாளி வந்து பார்த்து, “என்னப்பா, ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் இருக்குது?” என்று முகம் சுளித்தார்.

“உள்ள குந்திப் பாருங்க முதலாளி” என்றேன்.