பெரியவருக்கு ஒரு துணை

கொட்டகலை பஜாரில் சலூன் திறந்தபோது, வெள்ளவத்தையில் தான் வேலை பார்த்த சலூனில் இருந்ததைப் போல இங்கும் ஒரு மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டார் பிரதாப். வாங்கிய தொட்டி ஒழுகியது. பசை வைத்து அடைத்தும் ஒழுகியது. கோபத்தோடு ஹட்டனுக்குப் போய்த் தொட்டி விற்றவரைக் கேட்டார். அவர் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கூண்டைக் கொண்டுவந்தார்.

"தண்ணி நிக்காட்டி என்னா தம்பி, மண்ணு நிக்கும்தானே? இந்த ரெண்டையும் கொண்டுபோய் விடுங்க. ஜெர்பில்னு சொல்லுவாங்க. பாலைவனத்து எலி."

மண் நிறத்தில் இரண்டு ஆண் குட்டிகள். வால் முழுக்க மயிர், நுனியில் குஞ்சம். பின்னங்காலில் நின்றுகொண்டு அவரையே பார்த்தன. சண்டை போடப் போனவர் எலிகளோடு பஸ் ஏறினார்.

"லயத்து வீடுகள்ல எலி பத்தலனு வெளியில இருந்து வேற கொண்டாந்தியா?" என்று பக்கத்து ஹாட்வெயார் கடை ஸுஹைர் கேட்டதில் பஜாரே சிரித்தது. பிரதாப்பும் சேர்ந்து சிரித்தார். ஆனால் எங்கள் ஊர்க் குளிரும் ஈரமும் பாலைவனத்துப் பிராணிக்கு ஆகாது என்று தெரிந்ததும், கண்ணாடிக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த காய்ந்த மூலையை அவற்றுக்குக் கொடுத்துவிட்டார். மேலே ஒரு பல்ப் எரிந்தது. தச்சுக்கடையிலிருந்து வரும் மரச்சுருள் கொஞ்சம் ஈரம்பட்டாலும் மாற்றிவிடுவார். கத்தரிக்கோலைக் கண்டு அலறும் பிள்ளைகள், அவை மண்ணைக் கிண்டுவதைப் பார்த்தபடி தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் உருண்டையாக இருந்ததற்குப் பெரியவர், மற்றதற்குச் சின்னவர் என்று பெயர் வைத்ததும் அந்தப் பிள்ளைகள்தான்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலையில் சின்னவர் செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு பெரியவர் கிண்டவில்லை. அட்டைப்பெட்டி போட்டால் கடிக்கவில்லை. விதையை முகர்ந்துவிட்டு மூலைக்குப் போய்ச் சுருண்டுகொண்டது.

"தனியா இருக்க இதால முடியாதுங்க சேர்," என்றார் பிரதாப், என் தலைமுடியை வெட்டிக்கொண்டே.

கந்தப்பளையில் ஷாமிலா என்ற பெண் வீட்டில் ஜெர்பில் வளர்க்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போய், ஒரு ஆண் குட்டியை வாங்கி வந்தார். அப்படியே தொட்டிக்குள் விட்டார். அடுத்த நொடி இரண்டும் பந்துபோல உருண்டன. ரத்தம் தெரிந்தது. பிரதாப் யோசிக்காமல் கையை உள்ளே விட்டார். குட்டியைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் கத்தரி பிடிக்கும் கட்டைவிரல் ஆழமாகக் கடிபட்டது.

போனில் ஷாமிலா பதறினார். "அப்புடியே போட்டுட்டீங்களாண்ணே? அதுங்க வாசனையிலதான் ஆள் பாக்கும். நடுவுல கம்பிவல வைங்க. தெனமும் எடத்த மாத்தி மாத்தி விடுங்க. பழகின பொறவுதான் வலைய எடுக்கணும்."

ஸுஹைர் சின்னக் கண் வலையாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து, விரலில் கட்டோடு, சலூன் திறந்ததும் முதல் வேலை இரண்டையும் பக்கம் மாற்றுவது. செவ்வாய்க்கிழமை சலூன் பூட்டு. அன்றும் தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்து மழையில் கிளம்பினார்.

"இதுக்காகவா போறீங்க?" என்று மனைவி லோஜினி வாசலில் நின்று கேட்டார்.

"இன்னைக்கு விட்டுட்டா பழகின வாசன மறந்துரும் லோஜினி."

லோஜினி குடையை எடுத்துக் கொடுத்தார்.

முதல் தடவை வலையை எடுத்தபோது மறுபடியும் அடிதடி. இந்தமுறை முகம் துடைக்கும் துவாயைப் போட்டுப் பிரித்தார்.

"விட்டுரு பிரதாப்," என்றார் ஸுஹைர். "ரெண்டையும் தனித்தனியா வச்சுக்க."

"அதுங்களுக்கு இன்னும் நாளாகுது, அவ்வளவுதான்," என்று வலையைத் திரும்பச் செருகினார் பிரதாப். குரலில் சலிப்பே இல்லை. எனக்கானால் அப்போதே வெறுத்துப் போயிருக்கும்.

மெல்ல மெல்ல, வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டும் தூங்க ஆரம்பித்தன. அதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மத்தியானம் தொட்டியைக் கழுவித் துடைத்து, புது மண் போட்டு, இரண்டையும் ஒன்றாக விட்டார். நாற்காலியில் பென்ஷன்காரர் வீரய்யா, ஒரு கன்னம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்கய்யா, கொஞ்சம் பொறுங்க."

"நீ பாரு தம்பி. என் தாடி எங்கயும் ஓடிறாது."

ஸுஹைர் கதவருகே வந்து நின்றார். குட்டி தரையோடு தரையாகப் பதுங்கியது. பெரியவர் அதைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, நின்றது. பிரதாப்பின் கை துவாயை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு பெரியவர் குனிந்து குட்டியின் காதோரத்தை மெதுவாகக் கோதிவிடத் தொடங்கியது.

பிரதாப் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்ததை மறைக்கவும் இல்லை. வீரய்யாதான் முதலில் கை தட்டினார். நுரை அவர் சட்டையில் தெறித்தது.

இப்போது பெரியவருக்கு வயதாகிவிட்டது. விதையின் தோலை உரிக்கக் கஷ்டப்படுவதால் பிரதாப்பே உரித்து வைக்கிறார். நேற்று நான் போயிருந்தேன். வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. பல்புக்குக் கீழே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக் கிடந்தன. எது யாருடைய வால் என்று எனக்குத் தெரியவில்லை.